ஜிப்பக்கா தொட்டால் அணைகிற லேப்டாப்

பேண்ட், மழைக்கோட்டு, பயணப் பை, கூடாரம் என்று எதில் ஜிப் மக்கர் பண்ணினாலும் தெருக்காரர்கள் நேராக ஜிப்பக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சில ஆண்கள் கழற்றவும் முடியாமல் மூடவும் முடியாமல், பேண்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டே வந்து நிற்பார்கள். அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறையும் அவளிடமே வந்தார்கள் என்றால் அவளுடைய வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி வைத்துக்கொள்ள மற்ற தையல்காரர்கள் பஞ்சுத் திண்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க ஜிப்பக்காவுக்குப் பொறுமை கிடையாது. வீணாய்ப்போன ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைப் பெயர்த்து, எலாஸ்டிக் பட்டைக்குள் வைத்துத் தைத்து, இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஊசியை அதன் பக்கம் கொண்டுபோனால் போதும், தானே போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் தையல் அறைக்குள் நுழையும்போது மாட்டினால், வெளியே கிளம்பும்போதும் சமையலறைக்குப் போகும்போதும்தான் கழற்றுவாள். அப்படி ஒன்று கையில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. யாரோ வெட்டி யாரோ தைத்ததைச் சரிபண்ணியே காலம் போகிறது, இது நான் தைத்தது என்று காட்ட ஊரில் ஒரு சட்டைகூட இல்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆசை தாங்காமல் அவளாகவே துணி எடுத்து கவுன் தைப்பாள். தையல் அறையில் நிற்கும் தலையில்லாத பொம்மைக்கு மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு கழற்றி மடித்து வைத்துவிடுவாள். பொம்மை நாளதுவரை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

அப்போதுதான் ஒரு நாடகக் குழு ஊருக்கு வந்தது. மேடையேறும் நேரத்தில் ராஜாவின் முதுகு ஜிப் வாயைப் பிளந்துவிட, ஜிப்பக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் ராஜாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி, மளமளவென்று தைத்து எழுப்பிவிட்டாள். அத்தோடு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"இதை வெட்டினவரு ராஜாவுக்கு வெட்டலை, பீரோவுக்கு வெட்டியிருக்காரு" என்றாள்.

பின்னால் இயக்குநர் அம்மா நின்றிருந்தார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரோ ஜிப்பக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீங்க வெட்டிக் காட்டுங்க. அடுத்த நாடகத்துக்கு ராணி உடுப்பு ஒண்ணு வேணும். நாங்க நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுவோம். தைச்சு முடிச்சு வீடியோவில காட்டுங்க. பொம்மைக்கு மாட்டிக் காட்டினா எனக்குத் தெரியாது, ஆள் போட்டு நடக்கணும். பிடிச்சிருந்தா மொத்த நாடகத்துக்கும் நீங்கதான் தைக்கிறீங்க."

மொத்த நாடகத்துக்கும். அன்றைக்கு ஜிப்பக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனையில் யாரோ பையை நீட்டி ஜிப்பைக் காட்டியபோது, திட்டாமல் சரிசெய்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோனார்.

உடுப்பு பிரமாதமாக வந்தது. அடர் சிவப்பு வெல்வெட், நடந்தால் பின்னால் புரண்டு வரும் நீள வால், தோளில் விசிறி மடிப்பு. முதுகில் கொக்கியும் கயிறும் மட்டும்தான். ஜிப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காட்டுவதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது. அவள் போன் ஒரு நாள் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய் வந்ததிலிருந்து அதன் கேமராவில் எல்லாமே பனிமூட்டம். கணவருடையது பேசுவதற்கு மட்டுமான பட்டன் போன். விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ராசியான பொருள் அண்ணி. பத்திரமா பார்த்துக்குங்க."

ராசியான பொருளுக்குக் கீல் உடைந்திருந்தது. மூடி பின்னால் சாயாமல் இருக்க முட்டுக்கொடுக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போகும். அதன் விசிறி போட்ட சத்தத்தில் ஜிப்பக்காவின் தையல் மிஷினே வெட்கப்பட்டு அடங்கியது. ஆனாலும் படம் தெளிவாக வந்தது.

முதல் அழைப்பில் இயக்குநர் அம்மாவின் முகம் திரையில் வந்தது. ஜிப்பக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, கீபோர்டு ஓரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு "வணக்கம்மா" என்றாள். திரை கறுத்துவிட்டது. ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டியது. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையவில்லை. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து முழுசாக அணைத்து, முதலிலிருந்து போட்டாள். அது எழுந்து வருவதற்குள் ஒரு பானைச் சோறே வடித்துவிடலாம்.

மறுபடி அழைத்தாள், மறுபடி அணைந்தது. இயக்குநர் அம்மா நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு முறை பார்ப்போம், அதிலும் முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று போனில் சொன்னார்.

ஜிப்பக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்கு ஓடினாள். அந்தக் கடைக்காரரைத் தெருவில் டாக்டர் என்பார்கள். எதைக் கொண்டுபோனாலும் "அட்மிட் பண்ணிட்டுப் போங்க" என்பார்.

"எப்ப அணையுது?"

"நான் உட்கார்ந்தா அணையுது."

"அது நோய் இல்லையேம்மா."

அவர் திறந்து பார்த்து, விசிறியிலிருந்து ஒரு கைப்பிடி நூல்பஞ்சை உருவி எடுத்தார். ஒரு குழந்தைக்குத் தலையணை தைத்திருக்கலாம். சூட்டில்தான் அணைந்திருக்கும், இனிமேல் அணையாது என்று ஓடவிட்டுக் காட்டினார். மதியம் முழுக்க ஓடியது. ஜிப்பக்கா அதன் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கூடப் பார்த்தாள், ஓடியது. வீட்டுக்கு வந்து, காந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஆசையாக உட்கார்ந்தாள். அணைந்தது.

மீண்டும் அட்மிஷன். டாக்டர் மெமரியை மாற்றினார். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒயரை மாற்றிப் பார்த்தார். அவர் கடையில் அது சமர்த்துப் பிள்ளையாக இருக்கும், வீட்டில் ஜிப்பக்கா உட்கார்ந்ததும் சொல்லிவைத்தாற்போல அணையும். அவள் கணவர் அதில் சமையல் வீடியோவும் கால்பந்தும் மணிக்கணக்காகப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அவர் பஸ் டிரைவர். எதையும் பதறாமல் பார்க்கிற உடம்பும் மனசும்.

"மெதுவா பேசிப் பாரேன். நீ திட்டிக்கிட்டே உட்கார்றே, அதுக்கு பயமா இருக்கோ என்னமோ" என்றார்.

நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள். "எங்கிட்ட நல்லாத்தான் அண்ணி இருந்துச்சு" என்று இழுத்தாள். அதில் இருந்த கைராசி விஷயம் ஜிப்பக்காவுக்குப் புரியாமல் இல்லை.

அவளுக்கு மண்டை காய்ந்தது. காற்றுப் போகட்டும் என்று லேப்டாப்பின் அடியில் நூல் உருளைகளை அடுக்கினாள். தையல் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, "ராஜா, கண்ணு, கொஞ்சம் ஒத்துழைப்பா" என்று கொஞ்சியும் பார்த்தாள். அந்தக் கொஞ்சல் முடிவதற்குள் அணைந்தது. பட்ட அவமானத்தில் பொம்மையைப் பார்த்து, "நீ எதையும் பார்க்கலை" என்றாள்.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டினாள். அணையவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே தட்டினாள், அப்போதும் அணையவில்லை. கணவரைக் கூப்பிட்டாள், நாத்தனாருக்குப் போன் போட்டாள், டாக்டருக்கும் போட்டாள். தையல் அறையின் மின்சாரத்தில் கோளாறு, சமையலறை மின்சாரம் சுத்தமானது என்று நால்வரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையே அரண்மனையானது. மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். ராணியாக நடிப்பவர் நல்ல உயரம், நல்ல அகலம். அந்த அளவுக்கு அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே உடம்பு ஜிப்பக்காவின் கணவருடையதுதான். அவர் ஒரு முனகலும் இல்லாமல் சிவப்பு வெல்வெட்டுக்குள் புகுந்தார். மீசையோடு ராணி கம்பீரமாகத்தான் இருந்தார்.

"மீசையை எடுக்கணுமா?"

"கிட்ட வராம நடங்க, போதும்."

ஓரத்தில் மடிப்புக்குக் கடைசி ஊசி குத்த வேண்டியிருந்தது. அதற்காகக் காந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்தவள், அதற்கு முன் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று லேப்டாப் முன் உட்கார்ந்தாள். சுத்தமான சமையலறை மின்சாரத்திலேயே அது அணைந்தது.

ஜிப்பக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டுகூட வரவில்லை.

"விடுங்க. நமக்கு ஜிப்புதான். ராணியும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம்."

கணவருக்கு மனசு தாளவில்லை. "எழுந்திரு. நான் போட்டுத் தர்றேன். நீ ஓரத்தை முடி" என்றார். வாலின் மடிப்பு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய வேலை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டினாள். "சும்மாதானே நிக்கறீங்க, இதை வெச்சுக்குங்க" என்று குனிந்தாள். அவர் பவர் பட்டனை அழுத்திக் காத்திருந்தார். திரை வந்தது. அவர் கையைக் கீபோர்டு ஓரத்தில் வைத்தார். திரை போனது.

"ஏம்மா" என்றார் ராணி. "எனக்கும் அணைஞ்சிடுச்சு."

ஜிப்பக்கா வாலை விட்டுவிட்டு எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்கும் அணைஞ்சுதா? நிஜமாவா? இன்னொரு தடவை அணைங்க பார்க்கலாம்." இன்னொரு முறையும் அணைந்தது. அவள் கையைத் தட்டினாள். பட்டையைக் கழற்றச் சொன்னாள், ஓடியது. மாட்டச் சொன்னாள், அணைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் கொக்கிகளோடு சேர்ந்து ராணியும் குலுங்கினார்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"காந்தமா? மூடியிலயே ஒரு குட்டிக் காந்தம் இருக்கும்மா. அது கீபோர்டு கிட்ட வந்தா லேப்டாப்பை மூடியாச்சுன்னு அர்த்தம். நீங்க கையை வைக்கும்போதெல்லாம் அதுவும் சமர்த்தா தூங்கப் போயிருக்கு. கிழட்டு மெஷின், தூங்கினா எழுந்திருக்கத் தெரியலை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மின்சார விஷயத்தை வெளியில சொல்லாதீங்க" என்றார்.

ஜிப்பக்கா பட்டையை ஊசிகளோடு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவைத்தாள். லேப்டாப் எழுந்து வந்ததும் வீடியோ அழைப்பு வந்தது.

இயக்குநர் அம்மா உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தார். ராணி கதவிலிருந்து அடுப்புவரை நடந்தார், திரும்பினார், வால் அழகாகப் புரண்டு வந்தது. "தோள் இன்னும் கொஞ்சம் உயரணும். இப்பவே முடியுமா?" என்றார் இயக்குநர் அம்மா. ஜிப்பக்கா பழக்கத்தில் இடது மணிக்கட்டைத் தடவினாள், வெறும் கை. ஃப்ரிட்ஜ் பக்கம் அவள் கண்ணைக் காட்ட, கணவர் போய்ப் பட்டையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு நின்றார். அவள் அதிலிருந்து நாலைந்து ஊசியை உருவி உதட்டில் கவ்விக்கொண்டு, மடிப்பைப் பிரித்து, தூக்கி, குத்தினாள். பேச முடியாததால் வாழ்க்கையில் இரண்டாவது முறையாக யாரையும் திட்டாமல் வேலை பார்த்தாள். தோள் எழும்பி நின்றது.

திரையில் இயக்குநர் அம்மா முன்னால் குனிந்து பார்த்தார். "போதும்மா. மொத்த நாடகமும் உங்களுக்குத்தான். நீங்கதான் தைக்கிறீங்க."

ஜிப்பக்கா அசையாமல் நின்றாள். ராணியால்தான் தாங்க முடியவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து, லேப்டாப் ஓரத்தில் கையை ஊன்றினார். பட்டையோடு. திரை கறுத்தது.

"ஐயோ" என்று கையை எடுத்தார். "அவங்க சொன்னது கேட்டுச்சில்ல உனக்கு?"

அவள் உதட்டிலிருந்து ஊசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "கேட்டுச்சு" என்றாள்.

அணைத்து மறுபடி போட்டதும் லேப்டாப் ஆற அமர எழுந்து வந்தது. திரும்ப அழைத்ததும் இயக்குநர் அம்மாவின் முகம் தெரிந்தது. "லைன் போயிடுச்சா? நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

ஜிப்பக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரியா விழலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் நிறுத்தி நிதானமாக எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். ஜிப்பக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கேட்டும் ஆசை தீராமல் அவள் பார்வை மெல்ல நகர்ந்து, கணவர் மணிக்கட்டில் இருந்த பட்டையில் வந்து நின்றது. ராணி சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.