மூன்று மாதத் தலைவர்

வங்கதேசத்தில் டாக்டருக்குப் படிக்கும் என் மகள், அங்கே கலவரம் மூண்டதும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டாள். பிறகு ஆட்சி கவிழ்ந்து இடைக்கால அரசு வந்தது. கல்லூரி திறந்ததும் கிளம்பத் துடித்தாள். கடைசி வருஷம்.

“தேர்தல் முடிஞ்சு ஒரு அரசாங்கம் உக்காரட்டும்மா. பொறவு போலாம்.”

“எப்ப வாப்பா தேர்தல்?”

“சீக்கிரம் வச்சிருவோம்னு சொல்லுதாங்கள்ல.”

“நீங்களும் அப்படித்தான சொன்னீங்க?”

எங்கள் பள்ளிவாசல் நிர்வாகம் சண்டையில் கலைந்தபோது, தேர்தல் நடத்தத் தற்காலிகக் கமிட்டி போட்டார்கள். யாருக்கும் பகையில்லாத கோமாளி என்று என்னைத் தலைவராக்கினார்கள். மூன்றே மாதம் என்றேன். வளைகுடாவில் இருப்பவர்கள் நோன்புக்கு லீவில் வரட்டும் என்று ஒருமுறை தள்ளினேன். அப்போது வராதவர்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரட்டும் என்று இன்னொரு முறை. இது மூன்றாவது வருஷம். நான் கெட்டவனில்லை. நிக்காஹ் வீடுகளில் முன்வரிசை நாற்காலி பழகிவிட்டது, அவ்வளவுதான்.

“அவங்களும் உங்கள மாதிரின்னா, நான் இங்கன காத்திருந்தே கிழவியாயிருவேன்” என்றாள்.

வங்கதேசத்து நாற்காலிக்காரர்கள் என்னைவிட யோக்கியர்களாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் துஆ கேட்டேன். பரணில் கிடந்த அவள் பெட்டியை நானே இறக்கிக் கொடுத்தேன். பூட்டு சரியாக இருக்கிறதா என்று நாலு தடவை இழுத்துப் பார்த்தேன்.