சொந்தக்காரராக இருந்தாலும்

எங்கள் பள்ளியில் அந்தப் பாடத்தின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. மேலிருந்து வரும் தாளில் ‘வளரிளம் பருவக் கல்வி’ என்று இருக்கும். தலைமையாசிரியை ‘அந்தப் பாடம்’ என்பார். கணக்கு ஆசிரியர் அதையும் சொல்லமாட்டார், ‘உங்க பீரியட்’ என்று என் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடுவார். நான் அறிவியல் ஆசிரியை. உடம்பு சம்பந்தமாக எது வந்தாலும் என் மேசையில்தான் வந்து விழும். இத்தனை வருடத்தில் பழகிவிட்டது, அலுத்தும் விட்டது.

இந்த முறை பாடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். சில வகுப்புகளில் நடத்திப் பார்த்து, என்ன மாற்றலாம் என்று நாங்கள் எழுத வேண்டும். அதைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டி, தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். திருத்தணியில் கருத்துக்கா பஞ்சம்? சென்னை போகும் மின்சார ரயிலில் ஏறினால் அரக்கோணம் வருவதற்குள் நாட்டையே திருத்திவிடுவார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி என்ன சொல்லலாம் என்று கேட்டால் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். ‘அந்நியர் தொட்டால்’ என்று ஒரு பகுதி. அந்நியர் என்றால் யார் என்று கேட்டேன். பிள்ளைகள் உற்சாகமாகச் சொன்னார்கள். திருப்பதி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், கிருத்திகைக்கு மலையேற வருகிற கூட்டம், ஐஸ் வண்டிக்காரர். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “எங்க பாவா” என்றாள்.

வகுப்பே சிரித்தது. தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்தில் பாவா என்றால் மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். “பாவா எப்டிடீ அந்நியர் ஆவாரு? உன்ன கட்டிக்கப் போறவரு.”

அந்தப் பெண் மறுபடியும் எழுந்தாள். “அப்போ அவரு தொட்டா பரவால்லயா டீச்சர்?”

யாராக இருந்தாலும், உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன். மணி அடித்த பிறகு அவள் போகாமல் நின்றாள். பாவா வாரத்தில் பாதி நாள் வண்டியில் வந்து பள்ளி வாசலில் நிற்கிறானாம். கையைப் பிடித்து இழுக்கிறானாம், கன்னத்தைக் கிள்ளுகிறானாம். “வேணாம்னு சொன்னா வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க டீச்சர். வண்டில ஏறவே எனக்கு புடிக்கல” என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அந்த வண்டியில் ஏறக்கூடாது.

அவள் அம்மா விசைத்தறியில் வேலை செய்கிறவர். போன் போட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார். “விளையாட்டுக்கு செய்றான் டீச்சர். எங்க அண்ணன் புள்ளதான், முறை இருக்குது. நீங்க பயப்படாதீங்க.” பயந்தது நானில்லை என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். இருந்தாலும் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “எழுதிக்குங்க. கூட்டத்துல இன்னா சொல்றாங்கன்னு பாப்போம்” என்றார். ‘அந்நியர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘சொந்தக்காரராக இருந்தாலும்’ என்று சேர்த்தேன். நாங்கள் அந்தப் பாடத்தில் கேட்ட ஒரே திருத்தம் அது.

முதலில் வைத்த கூட்டம் கிருத்திகை அன்று வந்து தொலைத்தது. காவடிக் கூட்டத்தில் பஸ்ஸே நகரவில்லை, எங்களைத் தவிர யாரும் வரவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை மறுபடியும் வைத்தோம். ஆண்கள் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். உட்காருங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன்.

கருத்துகள் வந்தன. “எங்களுக்கு யாருங்க சொல்லிக்குடுத்தாங்க? நாங்க புள்ள பெத்துக்கலயா?” என்றார் ஒரு அப்பா. “அதான் போன்ல எல்லாத்தையும் பாக்குதுங்களே, நீங்க வேற எதுக்கு?” என்றார் இன்னொருவர். சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் ஒரு அம்மா, தங்கள் சபையில் இதெல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்றார். எப்போது என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்றார். மாதவிடாய் பற்றிப் பெண்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம் என்றார்கள். அந்நியர் பற்றிய பகுதிக்குப் பெரிய ஆதரவு. வெளியூர்க்காரர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லித் தரலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்தார்கள்.

பிறகு எங்கள் வரியைப் படித்தேன். முன் பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்தார். அந்தப் பெண்ணின் தாய்மாமன், பாவாவின் அப்பா.

“அந்நியருன்னு போட்டுகிறது கரெக்ட்டு. சொந்தக்காரன எதுக்கு இழுக்கிறீங்க? தங்கச்சி வூட்டுக்குள்ள நாங்க போவவே கூடாதா?”

“போங்க. புள்ள வேணாம்னு சொன்னா கேக்கணும்னுதாங்க எழுதிகிறோம்” என்றேன். கோபத்தில் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

“பொம்பளப் புள்ள வெக்கத்துல வேணாம்னுதான் சொல்லும். அதெல்லாம் பாத்துகினு இருந்தா ஊர்ல ஒரு கல்யாணம் நடக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வரியை எடுத்துவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமையாசிரியை. கைகள் மளமளவென்று உயர்ந்தன. சுவரோரம் நின்ற அந்தப் பெண்ணின் அம்மா, அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டே தன் கையையும் தூக்கினார். முழங்கை வரைக்கும்தான் தூக்கினார், ஆனாலும் அது கைதான். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதி, எல்லோருக்கும் டீயும் மசால் வடையும் கொடுத்தோம். தாளைக் கிழித்து அந்த டீ கேனில் போட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. போடவில்லை. திங்கட்கிழமை வகுப்பு எடுக்க வேண்டியவளுக்கு ஆத்திரத்தைக்கூட அளந்துதான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

வெளியே வந்தபோது வாசலில் பாவா வண்டியோடு நின்றிருந்தான். சிறப்பு வகுப்பு முடிந்து அந்தப் பெண் வந்தாள். ஏறு என்றான். வேணாம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தான். நான் படியில் இறங்குவதற்குள் அவள் அம்மா போய் நின்றுவிட்டார்.

“பைய உடு.”

“இன்னா அத்த, சும்மா வெளாட்டுக்கு...”

“அவ வேணாம்னு சொல்றா இல்ல? நீ போ.”

டீ டம்ளரோடு நின்ற அண்ணன், “ஏய், இன்னா பேச்சு பேசற?” என்றார். அந்த அம்மா மகளின் தோளில் கை போட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தார். பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, வண்டியைப் பார்த்தாளா, தெரியவில்லை.

பாடம் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அந்நியர் மட்டும் இருந்தார்கள். வகுப்பில் நான் அந்த வார்த்தைகளை வாயால் சேர்த்துச் சொல்கிறேன். வாயால் சொல்வது பாடத்தில் சேர்த்தி இல்லை என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

சில மாதம் கழித்து அந்த அம்மாவைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. பெண் இப்போது பஸ்ஸில்தான் வருகிறாள் என்றேன். “ஆங், பஸ்லதான் அனுப்பறேன்” என்றார். அண்ணன் வீட்டில் பேச்சு நின்றுவிட்டதாம். தன் அம்மாவும் அண்ணன் பக்கமே பேசுகிறாராம். இனி பெண்ணுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் தாய்மாமன் வந்து நிற்கமாட்டார் என்றார்.

நீங்கள் செய்தது சரிதானம்மா என்றேன்.

“சரிதான் டீச்சர். ஆனா அந்த வரி இருந்துகினு இருந்தா, புஸ்தகத்துல போட்டுகிது, டீச்சர் சொல்றாங்கன்னு பழிய உங்க மேல போட்டுட்டு இருப்பேன்” என்றார். “நானே கைய தூக்கி அத எடுக்க சொன்னேன் இல்ல? இப்போ வேணாம்னு நான் சொன்னதா ஆயிடுச்சு.”