கருந்துளைக்குப் பதில் மழைக்காலத்தை எடை போட்ட கதை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அது ஆறவில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியையாக இருந்தேன். கல்வராயன் மலையில் எங்கள் துறைக்கு ஒரு சின்ன டெலஸ்கோப் உண்டு. அதை வைத்து ஒரு கேலக்ஸியின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளையை எடை போடுவதுதான் என் மாணவி ஜெனிஃபரின் பிஎச்.டி. மணலூர்பேட்டைப் பெண். கரும்பு விவசாயி வீட்டின் முதல் பட்டதாரி.

வேலை இதுதான். கருந்துளைக்குள் விழப்போகும் வாயு சூடேறி ஒளிரும். அந்த வெளிச்சம் கூடினால், தள்ளிச் சுற்றும் வாயு மேகங்களும் சில நாள் கழித்துப் பிரகாசமாகும். அந்தத் தாமதத்தை வைத்து மேகங்களின் தூரம் தெரியும். அவற்றின் வேகத்தையும் சேர்த்தால் எடை வந்துவிடும்; தாமதம் கூடினால் எடையும் கூடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மலை முழுக்க மூட்டம். டேட்டா கிடையாது. வரைபடத்தில் அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்துவிடச் சொன்னார் துறைத் தலைவர். தாமதம் அழகாக வந்தது. ஏறக்குறைய மழைக்காலத்தின் நீளம்! தலைவரிடம் போனேன்.

"சார், இது கேலக்ஸியோட தாமதம் இல்ல. நம்ம மழையோட நீளம்."

"இன்னாங்க மேடம், எதுக்கெடுத்தாலும் சந்தேகப்பட்டுகினு? பிரஸ் மீட்டுக்குச் சொல்லியாச்சி. எடை ஜாஸ்தியா வந்தா நமக்குத்தான பேரு?"

ஜர்னலுக்கு அனுப்பவிருந்த கட்டுரையில் முதல் பெயர் ஜெனிஃபருடையது. தப்பானால் மாட்டப்போவது யார்?

நானும் அவளும் கம்ப்யூட்டரில் ஒரு பொய்க் கேலக்ஸி செய்தோம். தாமதத்தை நாங்களே குறைவாக வைத்தோம். மழை மாதங்களின் டேட்டாவை அழித்து, அதே மாதிரி கோடு போட்டு இணைத்து, தாமதம் கணக்கிட்ட அதே புரோகிராமில் போட்டோம். மழைக்காலம்தான் விடையாக வந்தது. தாமதத்தை மாற்றிப் போட்டாலும் அதே விடை.

அதைக் காட்டியும் அவர் அசரவில்லை. ஜெனிஃபரிடம் திரும்பினார். "கட்டுரையில கையெழுத்துப் போடும்மா. இல்லன்னா உன் தீசிஸ் எப்டி முடியுதுன்னு நானும் பாக்கறன்."

ஜெனிஃபர் பேனாவைத் தொடவில்லை. "அப்ப என் பேர எடுத்துடுங்க சார்" என்றாள்.

எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்தது. ஜர்னலின் மதிப்பீட்டாளர் முதல் வரியிலேயே கேட்டிருந்தார்: உங்கள் ஊரில் மழைக்காலம் எத்தனை நாள்?

துறைத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவளிடம் கத்தினார். "இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொன்னமே சார்! நீங்கதான பிரஸ் மீட்டு, பிரஸ் மீட்டுன்னு சொல்லிகினு இருந்தீங்க?"

தன் தீசிஸில் ஜெனிஃபர் எடை எதுவும் தரவில்லை. 'இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதி, காரணத்தையும் எழுதினாள். வைவாவில் வெளித் தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார். ஆனால் வைவா வரைக்கும் வருவதற்குள், தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததில், அவளுடைய ஃபெல்லோஷிப் பணம் நின்றுபோயிருந்தது.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளே, விடை தெரிந்த ஒன்றை முதலில் உங்கள் புரோகிராமில் போட்டுப் பாருங்கள். வழிகாட்டிகளே, 'தெரியவில்லை' என்று எழுதத் துணிந்த பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். ஜெனிஃபர் இப்போது திருக்கோவிலூரில் ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் நகை எடை போட்டுக்கொண்டிருக்கிறாள்.