பின்வண்டியில் உட்காருகிறவர்

செருப்பைக் கழற்றிக் கார்க் கதவோரம் விட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோணிச்சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் ஏறி உட்காருகிறார் சித்தம்மா. கார் ஓடாத கார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலைப் பிரேக்கின்மேல் வைத்து அழுத்துகிறார். கண்ணை மூடிக்கொண்டு முப்பது வரை எண்ணுகிறார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கார்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். சித்தம்மாவின் கணவர் தொட்டையன் மட்டும் பீடியை அணைத்துவிட்டு, தன் பிக்-அப் வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருப்பார்.

"ரப்பரு நடுவுல இருந்தா காலுக்குச் சேதி வராதுங்க" என்பது செருப்பைக் கழற்றுவதற்கு அவர் சொல்லும் காரணம். முப்பது எண்ணுவதற்குள் பிரேக் மெல்ல உள்ளே அமுங்கிப் போனால் கீழே இறங்கிவிடுவார், அந்தக் காரை இழுப்பதில்லை. மேலும் அமுங்காமல் நின்றால் கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். வேலை தொடங்கும்.

மைசூரில் மண்டி மொஹல்லாவின் சந்து ஒன்றின் வாயில் அந்தப் பிக்-அப் நிற்கும். ஆட்டோவுக்கு அண்ணன், லாரிக்குத் தம்பி என்கிற அளவு. வழியில் படுத்துவிட்ட கார்களை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவது இவர்கள் தொழில். இரண்டு வண்டிக்கும் நடுவே ஆறடி நீள இரும்பு ராடு. முன்னால் தொட்டையன் ஓட்டுவார். பின்னால் வரும் காரில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், சமயத்தில் பிரேக் போட வேண்டும். அதற்கு ஆள் வைத்துப் பார்த்தார்களாம். ஒருவன் தூங்கிவிட்டான். இன்னொருவன் பாலத்து இறக்கத்தில் பயந்து குதித்துவிட்டான். பதினோரு வருடமாக அந்த இடம் சித்தம்மாவுக்குத்தான்.

படுத்த வண்டியின் ஹாரன் பெரும்பாலும் அடிக்காது. அதனால் தாலிச் சரட்டோடு பஸ் கண்டக்டர் விசில் ஒன்றும் அவர் கழுத்தில் தொங்கும். ஒரு விசில் ஊதினால் மெதுவாகப் போ, இரண்டு ஊதினால் நிறுத்து. வீட்டிலும் இதுதான் நடைமுறையா என்று ஒருமுறை கேட்டேன். "வூட்ல விசில் வேணாமுங்க. பாத்தாலே நின்னுருவாரு" என்றார் சிரிக்காமல்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது என் காரின் புண்ணியத்தில். 1993இல் நஞ்சன்கூடு சாலையில் கிளட்ச் போய் நின்றபோது இவர்கள்தான் வந்தார்கள். சித்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு எத்தன கிலோ?" என்றார். எழுபத்தெட்டு என்றேன். பிக்-அப்பின் பின்தட்டில் எட்டு மணல் மூட்டைகள் கிடந்தன. இழுக்கிற வண்டி லேசாக இருந்தால் தரையில் பிடிப்பு இருக்காது என்பதற்காக அவை. என்னையும் அங்கேயே ஏறச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்த நான் ஒன்பதாவது மூட்டையாக மைசூர் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் பின்னால் திரும்பி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையைத் தவிர வேறெதையும் அந்தக் கண்கள் பார்க்கவில்லை.

இரண்டு பேருக்கும் ஊர், தமிழ்நாட்டு எல்லையோரம் மார்டள்ளிப் பக்கம். பேச்சில் பாதி ஊர்த் தமிழ், மீதி மைசூர்க் கன்னடம். சித்தம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் பிக்-அப்பின் கதவோரம் பெயிண்டில் எழுதியிருக்கும் எடையும், வந்து நிற்கும் காரின் எடையும் அவருக்கு மனப்பாடம். மைசூர்த் தெருக்களின் பெயர் தெரியாது. எந்தத் தெரு எங்கே இறங்குகிறது என்று மட்டும் தெரியும்.

"இழுக்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. நிக்குமான்னு ஒருத்தரும் கேக்கறதில்லீங்க" என்பார்.

அவருடைய இடது மணிக்கட்டு கோணலாக இருக்கும். வந்த புதிதில், பிரேக் இல்லாத வேன் ஒன்றை இழுத்தபோது நடந்தது. இறக்கத்தில் வேன் பிக்-அப்பை முட்டித் தள்ள ஆரம்பித்தது. சித்தம்மா ஸ்டியரிங்கை ஒடித்து இரண்டு வண்டியையும் சாலையோர ஜல்லிக் குவியலில் ஏற்றி நிறுத்தினார். ஸ்டியரிங் சுழன்று கையை முறித்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு அவர் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். இனிமேல் போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும். தொட்டையன் ஒப்புக்கொண்டார். அந்தச் சொல்லை மீறாமல்தான் இருந்தார், 1996 தசராவுக்கு முந்தின வாரம் வரை.

அதற்குக் காரணம் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். யாதவகிரியில் எனக்குத் தெரிந்த ஹேமந்த் என்பவரிடம் அவர் தாத்தா விட்டுப்போன 1948ஆம் வருடத்து அமெரிக்கக் கார் இருந்தது. படகு மாதிரி நீளம். பத்து வருடமாகப் போர்ட்டிகோவில் உறங்கிக்கொண்டிருந்தது. தசராவில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று வருகிறது, அதில் இது ஓட வேண்டும் என்று ஹேமந்துக்கு ஆசை. ஊரின் தொழிற்பேட்டையான ஹெப்பாளில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். யாரைக் கூப்பிடலாம் என்று என்னைக் கேட்டார். பெருமையாகத் தொட்டையன் பெயரைச் சொன்னேன்.

தொட்டையன் தனியாகப் போய்ப் பார்த்தார். பிரேக்கைக் கையால் அமுக்கினார். கல்போல நின்றது. இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் தன் கம்பெனி வண்டிகள் எல்லாவற்றுக்கும் இனி நீங்கள்தான் என்று ஹேமந்த் சொன்னார். தொட்டையன் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை நானும் போயிருந்தேன். சித்தம்மா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார், ஏறினார், எண்ணினார். முப்பது முடிந்தது. பிரேக் அசையவில்லை. தலையை ஆட்டுவார் என்று பார்த்தால் மறுபடியும் முப்பது எண்ணினார். பிறகு இறங்கி, காரின் எடை எவ்வளவு என்று கேட்டார். புத்தகத்தைப் பார்த்து ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ என்றார் ஹேமந்த். பிக்-அப் காலியாக ஆயிரத்து ஐந்நூறு, மணல் மூட்டைகளோடு ஆயிரத்து எழுநூறு.

"பேடா சார், வேணாமுங்க. இது வராதுங்க."

"ஏனம்மா, பிரேக் கல்லு மாதிரி இருக்குதே? மெக்கானிக் நேத்துதான் வந்து நோடி, சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார் ஹேமந்த்.

"அதானுங்க பயம். நல்ல பிரேக்குன்னா மொதல்ல கொஞ்சம் எறங்கும், அப்பறந்தான் நிக்கும். இது எறங்கவே மாட்டேங்குது. நின்ன வண்டி, துருப் புடிச்சு ஒட்டிக்கிச்சு. நாம அமுக்கறது சக்கரத்துக்குப் போறதில்ல. லேசான வண்டின்னாக்கூட பிக்-அப் தாங்கிக்கும். இது அதவிடக் கனம். கீழ எறக்கத்துல நம்மளத் தள்ளீரும்."

யாதவகிரி மேடு. அந்த வீட்டு வாசலிலிருந்து தெரு நேராக இறங்கிப் பெரிய சாலையில் முடிகிறது. ஹெப்பாள் தொழிற்சாலைகளின் பஸ்கள் அந்த நேரத்தில் வரிசையாகப் போகும்.

லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டேன். ஏற்றி இறக்குவதற்குள் பாடி நசுங்கிவிடும் என்றார் ஹேமந்த். எல்லோரும் தொட்டையனைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். போகலாம் என்று அவர் சொன்னால் தேவலை என்று மனதுக்குள் நினைத்தேன். சிபாரிசு செய்தவனின் கௌரவம்! இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"ஏனுங் மாமா, நான் பாக்காம எப்பிடிச் சரின்னீங்க?"

"நான் பாத்தேன் புள்ள. நல்லாத்தான் இருக்குது. உனக்கு இன்னிக்கிப் பயம். நீ வூட்டுக்குப் போ, நான் வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன்."

"வேற ஆளுக்கு உசுரு இல்லீங்களா?"

தொட்டையன் முகம் சிவந்திருந்தது. பெரிய மனிதர் முன்னால் பெண்டாட்டி இப்படிக் கேட்டுவிட்டாளே என்கிற கோபம் அதில் தெரிந்தது. சித்தம்மா குரலை உயர்த்தவில்லை.

"சரிங்க. நீங்களே ஏறுங்க. நான் முன்னாடி ஓட்டறேன். தெருவுக்குப் போவேணாம், இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே. கேட்டச் சாத்தச் சொல்லுங்க."

அவருக்கு லைசென்ஸ் கிடையாது. சந்துக்குள் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்துவதோடு சரி. தொட்டையன் வீம்பாகப் போய்ப் பழைய காரில் ஏறினார். சித்தம்மா விசிலைக் கழற்றி நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை சரளைக்கல் பாதை, நாற்பது தப்படி இருக்கும், லேசான சரிவு. பிக்-அப் நகர்ந்தது. பின்னால் கார் சாதுவாக வந்தது. நடக்கிற வேகம்தான். பாதி தூரத்தில் சித்தம்மா பிரேக் போட்டார்.

ராடு டணாரென்று அதிர்ந்தது. கார் நிற்கவில்லை. பிக்-அப்பின் சக்கரங்கள் நின்றுவிட்டன, ஆனாலும் வண்டி சரளையின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. பின்பக்கம் ஒரு பக்கமாக ஒடிந்து திரும்பியது. தொட்டையன் இரண்டு காலையும் பிரேக்கின்மேல் ஊன்றி இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார். விசில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சித்தம்மா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். பூப்பாத்தியின் செங்கல் வரிசையில் முன்சக்கரம் ஏறி, ஈர மண்ணில் புதைந்து நின்றது. கேட்டுக்கு இன்னும் நாலு முழம் இருந்தது.

கேட்டுக்கு வெளியே, இறக்கத்தின் அடியில், ஒரு கம்பெனி பஸ் ஆட்களை நிரப்பிக்கொண்டு போனது. ஹேமந்த் அதையும் தன் காரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு, "க்ஷமிசம்மா" என்றார் கன்னடத்தில். அந்த மன்னிப்பை நானும் கேட்டிருக்க வேண்டும்.

தொட்டையன் இறங்கி வந்தார். யாரையும் பார்க்காமல் காரின் நான்கு சக்கரத்துக்கும் செங்கல் அண்டை கொடுத்தார். குனிந்து ராடைக் கழற்றி, தூக்கிப் பிக்-அப்பில் போட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு நாலு சக்கரத்தையும் பிரித்துப் பிரேக்கைச் சரி செய்தால் வருகிறோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹேமந்திடம் சொன்னார்.

சித்தம்மா ஓட்டுநர் இருக்கையிலிருந்து நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். தொட்டையன் ஏறி உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார், திருப்பவில்லை. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அவருடைய வலது கால் நிற்காமல் உதறிக்கொண்டிருந்தது.

"கால்ல ஒண்ணுமே தட்டுப்படல புள்ள" என்றார். "அமுக்கறேன், அமுக்கறேன், ஒண்ணுமே இல்ல."

சித்தம்மா எதிரே சாலையைப் பார்த்தபடி, கையை நீட்டி அவர் முழங்காலின்மேல் வைத்து அழுத்தினார். உதறல் நிற்கும் வரை எடுக்கவில்லை.