மேனேஜருக்குத் தைத்த கழுத்துப்பட்டி

டெய்லரக்கா வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். பேசும்போதும் எடுக்கமாட்டாள். "குத்திடப் போகுதுக்கா" என்று யாராவது பதறினால், "இருபது வருஷமா குத்தாததா இன்னிக்குக் குத்தப்போகுது?" என்று அதே வாயால் ஒரு போடு போடுவாள். இந்த வம்பு மொத்தமும் அந்தக் குண்டூசியால் வந்ததுதான். இப்போது அவளே ஒத்துக்கொள்கிறாள்.

அவள் வீட்டுக்காரர் நூற்பு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மில் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, கடைசியில் கதவையும் சாத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுத்தார்கள். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றார்கள். அரை மணி நேரம் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இரண்டே தடவைதான் தூக்கினார். காதில் மாட்ட ஒரு மெஷின் கொடுத்தார்கள். "தலைக்குள்ள மறுபடியும் மில் ஓடுது" என்று அதைக் கழற்றி நூல்கண்டு டப்பாவில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவள் உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம். புரிந்தால் பதில் சொல்வார். புரியாவிட்டால் தலையாட்டுவார்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் அவருக்கு இன்னும் கேட்டது. வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் இருந்தன. சேவலுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது அவர்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரவுண்டு வரும், ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது, கத்தினால் மட்டும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். மில்லில் அப்படி ஒருத்தர் இருந்தாராம். விடிகிற நேரத்தில் மேனேஜர் ஜன்னலோரம் ஒரு கூவல் விட்டால், படுத்தபடியே "வந்துட்டார்யா!" என்று சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் டெய்லரக்கா அடுப்பைப் பற்றவைப்பாள்.

பக்கத்து வீட்டுக்கு நர்ஸம்மா குடிவந்தாள். பாவம், அவளுக்கு நிரந்தர நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்துதான் படுப்பாள். மேனேஜருக்கோ நேரம் காலம் கிடையாது. பகல் முழுக்கக் கச்சேரிதான். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் மதிலோரம் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருந்தால் டெய்லரக்காவும் ஒரு கை பார்த்திருப்பாள். அவள் சண்டைக்கு வரவில்லை.

"அக்கா, நேத்து ஒரு பேஷன்ட்டுக்கு மருந்தை மாத்திக் கொடுக்கப் பார்த்தேன். கடைசி நிமிஷத்துல சுதாரிச்சுட்டேன். எனக்குத் தூக்கம் வேணும்கா."

சேவலை வித்துடு என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லையே, அதுதான் டெய்லரக்காவுக்கு இன்னும் உறுத்தியது.

முதலில் சேவலைப் பெட்டியில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தாள். இருட்டில் மேனேஜர் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் பட்டப்பகலில் ஒரு உயிரை எத்தனை நேரம் அடைத்து வைப்பது? திறந்துவிட்டதும், சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கூவித் தீர்த்தது. கோழித்தீவனக் கடைக்காரர்தான் வழி சொன்னார்: "கழுத்துல மெத்துனு ஒரு பட்டி போடுங்க. காத்தை முழுசா ரொப்ப முடியாது, சத்தம் சுருங்கிடும். இறுக்கிடாதீங்க, மூச்சு முட்டிடும்."

ஜாக்கெட் தைக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மேனேஜரை மடியில் அமுக்கி இன்ச் டேப்பால் அளவெடுத்தாள். பனியன் துணியில் இரண்டு மடிப்பு, நுனியில் பர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டை, சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. தொழில் சுத்தம் பாருங்கள், சேவலின் கழுத்து நிறத்திலேயே துணி தேடிப் பிடித்தாள். போட்டதும் பட்டி இறகுக்குள் போன இடம் தெரியவில்லை. முதல் நாள் மேனேஜர் குனிந்த தலையோடு பின்பக்கமாகவே நடந்தது. மறுநாள் பழகிக்கொண்டது. கூரைமேல் ஏறி, இறக்கையை அடித்து, வாயைப் பிளந்தது. வந்ததென்னவோ ஒரு கரகரப்பு. அது மதிலைத் தாண்டவில்லை. நர்ஸம்மா தூங்கினாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒன்றும் செய்யவில்லை. தைத்துக்கொண்டே, வாயில் நாலு குண்டூசியோடு, "மேனேஜருக்குப் பட்டி போடப்போறேன், கொஞ்ச நாளைக்குக் கூவல் கேக்காது, பரவாயில்லையா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

பட்டி போட்ட நாளிலிருந்து மனுஷர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துத் தருவது அவர் வேலை, தொடவே இல்லை. காலையில் ஒரு தரம் ஜன்னல் பக்கம் போய் வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஒரு சேவலுக்காகவா இத்தனை வீம்பு என்று அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க, எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லுங்க."

"மிச்சமிருந்ததும் போயிடுச்சும்மா."

"எது?"

"காதுதான். ஆறு நாளா ஜன்னல்ல நின்னு பாக்கறேன். மேனேஜர் வாயைத் திறக்கறார், கழுத்தை நீட்டறார். எனக்கு ஒண்ணுமே வரலை. நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லலை."

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டோம்! அவரைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மேனேஜரை அமுக்கி, அவர் விரலை எடுத்து இறகுக்குள் விட்டாள். பட்டியைப் பர்ரென்று பிரித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நான்தாங்க போட்டேன். சொன்னேனே, தலையாட்டினீங்களே!"

"ஊசியை வாயில வச்சுக்கிட்டுச் சொன்னா எனக்கென்ன தெரியும்? டீ வேணுமான்னு நீ கேக்கறதா நினைச்சேன்."

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. "சும்மா என்னைத் தேத்தறியா?" என்றார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். முழங்கால்மேல் ஒரு விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

மேனேஜர் கூவவேண்டுமே! பெரிய மனுஷன் சாவகாசமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. "கத்துடா, கத்தித் தொலைடா" என்று டெய்லரக்கா அழுதாள். டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸம்மா சத்தம் கேட்டு மதிலுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்கா, விடியற நேரத்துல நான் வீட்டுலயா இருக்கேன்? ஆஸ்பத்திரியிலதானே! நான் கிளம்பினதும் கழட்டிடுங்க. எட்டு மணிக்கு வர்றப்போ போட்டா போதாதா?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று டெய்லரக்கா விழித்தாள். நர்ஸம்மா பையைக் கீழே வைத்தாள். தெருவை இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெள்ளை யூனிஃபார்மோடு, கையை வாயருகே குவித்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "கொக்கரக்கோ...!"

கல்லில் இருந்தவரின் விரல் அசையவில்லை. மேனேஜரின் தலைதான் விருட்டென்று நிமிர்ந்தது. நம்ம இடத்தில் இன்னொரு சேவலா? ஒரே தாவலில் கூரைக்கு ஏறியது. இறக்கையைப் படபடவென்று அடித்தது. ஆறு நாளாக அடக்கி வைத்திருந்ததை ஒரே கூவலாகக் கூவியது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் மெல்ல மேலே போயிற்று.

"வந்துட்டார்யா," என்றார். அடுத்த கூவலுக்கும் சேர்த்து விரலை இறக்காமலே வைத்திருந்தார்.