ஏலக்காய் மணக்கும் சாக்கடை

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஜீப் நிற்கிறது. ஐந்தாண்டுத் திட்டத்தில் எந்த ஊருக்குச் சாக்கடை கட்டித் தரலாம் என்று பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி இறங்குகிறார். அவருடைய குமாஸ்தா நான். மூக்கைப் பொத்த எடுத்த கைக்குட்டையை அவர் மறுபடி பையிலேயே வைக்கிறார். தெருவே பாயசம் மாதிரி மணக்கிறது.

குனிந்து பார்க்கிறேன். ஓரத்துப் பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் தெரியாதபடி ஏலக்காய்த் தோலை மெத்தையாகப் பரப்பியிருக்கிறார்கள்.

கடை வாசலில் காய் பொறுக்கும் பெண்ணிடம், "இது யாரும்மா போட்டது?" என்கிறேன்.

"நாங்கதேன். போன மழைக்கு இந்தத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து, எம் மகளுக்கு வாந்தி பேதி. அதைப் பாக்கத்தான பெரியவுக வர்றாக? அவுகளப் போயி நாத்தத்துலயா நிக்க வைக்கிறது?"

பத்தடி தள்ளி, ஜீப்பருகே அதிகாரி மூச்சை நன்றாக இழுக்கிறார். "இந்த ஊருக்குச் சாக்கடை எதற்கு?"

தோலைக் காட்டி நான் வாயெடுக்கிறேன். "பேசாமல் அனுபவியும்" என்று கையமர்த்திவிட்டு ஜீப்பில் ஏறுகிறார்.

அவள் ஓடி வருகிறாள். "அய்யா என்ன சொன்னாக?"

"ரொம்ப நல்ல ஊருன்னாரு."

அவள் கடைப்பக்கம் திரும்பிக் கத்துகிறாள். "ஏடி, மழைக்கு முன்னாடி கட்டிருவாகளாம்!"