மாப்பிள்ளைத் தவளைக்கு நான் கழற்றிய குழாய்

அரியலூர் ரயிலடியில் ஒரு டீக்கடை, சிமெண்ட் ஏற்ற இரண்டு லாரி, குரும்பலூரில் ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம், பச்சமலையில் எதுவும் விளையாது என்ற சரிவில் மரவள்ளித் தோட்டம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் உண்டாக்கியவை இவை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஏது என்று சிரித்தார்கள். காட்டு ஓடையிலிருந்து பாறை பாறையாகக் குழாய் இழுத்து, மோட்டார் இல்லாமலே இறக்கிக் காட்டினேன். என்னைப் பார்த்து ஓடை நெடுக ஆளாளுக்குக் குழாய் போட்டார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், தவளைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. மண்டபம் என்னுடையது. பெண் தவளை ஊர்க் குட்டையிலேயே கிடைத்தது. மாப்பிள்ளையும் குட்டைத் தவளை என்றால் என் மண்டபத்துக்கு என்ன மரியாதை? முந்தின நாளே பச்சமலைக்குப் போனேன். என் குழாய் வாய் கிடக்கும் பள்ளத்தில், ஈரக் கல்லுக்கு அடியில், காய்ந்த இலை நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றிப் பொன் வளையம். நல்ல களை. தூக்குவாளியில் போட்டு இறக்கினேன்.

மேளம் முழங்க, பூசாரி குழைத்த மஞ்சளோடு மாப்பிள்ளையிடம் வந்தார். என் அக்கா மகள் முன்வரிசையில் இருந்தாள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். எட்டி வாளிக்குள் பார்த்தவள் பூசாரியின் கையைப் பிடித்துவிட்டாள்.

“மாமா, இத எங்க புடிச்சீங்க?”

பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. மலைக்காட்டு ஓடையை விட்டால் இதற்குப் பிழைப்பே கிடையாதாம். தோலாலும் மூச்சு விடுமாம். மஞ்சள் பூசினால் அவ்வளவுதானாம். காட்டை வெட்டுவதிலும், மருந்து அடிப்பதிலும், ஓடை வற்றுவதிலும் இந்த இனமே அழிந்துகொண்டு வருகிறதாம்.

“தாலி கட்டுறதுக்குள்ள செத்துரும் மாமா. அதுவும் போக, இது பொம்பள.”

மண்டபமே சிரித்தது. குட்டைத் தவளைக்கு வேறு வரன் பார்க்கச் சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தேன். அக்கா மகள் முன்னால் ஏறினாள். பின்சீட்டில் என் மனைவி வாளிமேல் ஈரத்துண்டைப் போட்டு விசிறிக்கொண்டே வந்தாள்.

“எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட நீங்க இவ்ளோ வேகமா ஓட்டலீங்க” என்றாள்.

போய்ப் பார்த்தால் பள்ளத்தில் நேற்று இருந்த தண்ணீர்கூட இல்லை. வருவதையெல்லாம் என் குழாய் இழுத்துக்கொண்டிருந்தது. தவளை பாதிக் கண் மூடிவிட்டது. அக்கா மகள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். நான் போட்ட இணைப்பு, அதன் சூட்சுமம் வேறு யாருக்குத் தெரியும்? ஒரே திருகு. பள்ளம் மெல்ல நிறைந்தது. தவளையைக் கையில் எடுத்து நனைத்தேன். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு தொண்டை துடித்தது. என் உள்ளங்கையில் ஒன்றுக்கு விட்டுவிட்டு ஒரே தாவு.

என் குழாய் ஒன்றை எடுத்தால் போதாது என்றாள் அக்கா மகள். குழாயை எடுக்காதவன் வீட்டுக் கல்யாணத்துக்கு என் மண்டபம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். தை முகூர்த்தத்துக்குள் ஓடையில் ஒரு குழாய் இல்லை. என் மரவள்ளி இன்றைக்கும் வானம் பார்த்துத்தான் நிற்கிறது.

இப்போது ஓடைக்கரையில் வனத்துறைக்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். தவளைப் படம், இந்த ஓடையில் கண்டறிந்தவர் என்று அக்கா மகள் பெயர், அழிவுக்குக் காரணங்களில் முதலாவதாகக் குழாய்கள். குழாய் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. கழற்றியவன் யார்? பாதிக் கதையை எழுதிப் பலகை வைத்தால் எப்படி? கீழே இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். பெயிண்ட் நான் வாங்கித் தருகிறேன். என் பெயரை எழுதுங்கள்.